கரிசலில் கனரக ரோடு: சிமென்ட்டா, சுண்ணாம்பா?

16 ஏப்ரல் 2023 (கேள்வி)

"எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் ஒரு கிட்டங்கிக்கு (குடோன்) தனி ரோடு போட வேண்டும். நீளம் 1.8 கி.மீ., அகலம் 7 மீட்டர். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து டிரெய்லரும் 12 சக்கர லாரியும் வந்துபோகும். முழுக்கக் கரிசல், இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம். ஊறவைத்த சி.பி.ஆர். (மண்ணின் பளு தாங்கும் பலத்தைக் காட்டும் எண்) 1.8 வந்திருக்கிறது. 6 சதவீதம் சிமென்ட் கலந்து உருட்டிவிட்டால் போதும், சுண்ணாம்பெல்லாம் பழைய காலம் என்கிறார் கான்ட்ராக்டர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி."

17 ஏப்ரல் 2023, காலை

கான்ட்ராக்டரிடம் ஒரு வாளி ஈரக் கரிசலையும் ஒரு கிலோ சிமென்ட்டையும் கொடுத்துக் கையால் கலக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், மண் கலந்திருக்காது. கரிசல் ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் கல். இரண்டுக்கும் நடுவில் கலக்கத் தோதான பதம் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் இருக்கும். சிமென்ட்டோ தண்ணீர் பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டிய சரக்கு. அதற்குள் கட்டி உடையாது.

சுண்ணாம்பு போடுங்கள். கரிசலுக்குச் சிமென்ட் வேண்டவே வேண்டாம்.

17 ஏப்ரல் 2023, இரவு

காலையில் அவசரத்தில் எழுதினேன். ஏன் சுண்ணாம்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரிசலில் இருக்கும் களிமண் மாண்ட்மோரில்லனைட் வகை. அப்பளக்கட்டு மாதிரி இதழ் இதழாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு இதழுக்கு நடுவிலும் தண்ணீர் நுழையும். ஒரு கிராமில் இருக்கும் எல்லா இதழ்களையும் விரித்தால் 800 சதுர மீட்டர் பக்கம் வரும். பீங்கானுக்குப் போகும் வெள்ளைக் களிமண்ணில் அது 10, 20 சதுர மீட்டர்தான். அத்தனை பரப்பும் தண்ணீருக்கு அலைகிறது, அதனால்தான் வீக்கம்.

சுண்ணாம்பு போட்டதும் அதிலிருக்கும் கால்சியம் இதழ்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. இதழ்கள் நெருங்குகின்றன, மண் பொலபொலவென்று உதிர்கிறது. இது சில மணி நேரத்தில் நடக்கும், கையில் எடுத்தாலே தெரியும். இரண்டாவது வேலை மெதுவானது. காரத்தன்மை ஏறியதும் களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து சுண்ணாம்போடு சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது நடந்துகொண்டிருக்கும்.

சுண்ணாம்பைக் குறைத்துப் போட்டால் முதல் வேலையோடு நின்றுவிடும். மண் பொலபொலப்பாகும், பலம் வராது. எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஈட்ஸும் கிரிம்மும் 1966ல் சொன்ன சோதனை இன்றும் போதும். மண்ணில் 2, 3, 4, 5 சதவீதம் என்று சுண்ணாம்பைக் கலந்து தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பி.எச். (காரத்தன்மை அளவு) பாருங்கள். எந்தக் குறைந்த அளவில் 12.4 தொடுகிறதோ அது தொடக்கப் புள்ளி. அங்கிருந்து பலத்துக்காக ஒன்றோ அரையோ கூட்ட வேண்டியிருக்கும், அதை சி.பி.ஆர். சொல்லும்.

19 ஏப்ரல் 2023

"எங்கள் ஊர் ரோடு கரிசல் மேல்தான் இருபது வருஷமாக நிற்கிறது, ஒரு சுண்ணாம்பும் போடவில்லை" என்று ஒருவர். உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மினி பஸ்ஸும் கொஞ்சம் டிராக்டரும் போகும், அண்ணாச்சி. இந்த ரோட்டுக்கு வரப்போவது வேறு. 2018ல் மத்திய அரசு அச்சுப் பளுவைக் கூட்டியது, நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். ரோட்டுக் கனத்தைக் கணக்குப் போட அளவுகோலாக வைக்கும் அச்சு 8.16 டன். சேதம் ஏறக்குறைய நாலாவது அடுக்கில் ஏறும் என்பது 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட்டி ஓட்டிக் கண்ட கணக்கு. 11.5ஐ 8.16ஆல் வகுத்தால் 1.41, அதை நாலு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 4. சட்டப்படி ஏற்றி வரும் ஓர் அச்சே நாலு அச்சுக்குச் சமம். சட்டப்படி எத்தனை லாரி வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

"கோடையில் கரிசல்காட்டில் லாரி பேஷாக ஓடுகிறதே" என்றும் எழுதியிருக்கிறார். ஓடும். பங்குனியில் கடப்பாரை கூட இறங்காது. ஆய்வுக்கூடத்தில் நாலு நாள் தண்ணீரில் போட்டு வைத்த பிறகுதான் 1.8 வருகிறது. ஐப்பசியில் ரோடு இருக்கப்போவது அந்த நிலையில்தான்.

25 ஏப்ரல் 2023

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை கேட்டவருக்கு. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, தண்ணீரில் வீங்கும். எங்கள் காட்டு மண் மண்ணெண்ணெயில் 11 மில்லியில் நின்றது, தண்ணீரில் 21. கூடுதல் 10ஐ 11ஆல் வகுத்தால் 91 சதவீதம். 50 தாண்டினால் அந்த மண்ணைக் கரை நிரப்பவே எடுக்கக் கூடாது என்கிறது நெடுஞ்சாலை விவரக்குறிப்பு. 50க்குள் இருந்தாலும் சப்கிரேடிலும் (ரோட்டு அடுக்குகளுக்கு நேர் கீழே உருட்டும் மண்) அதற்குக் கீழே 500 மி.மீ. வரையிலும் வீங்கும் மண் இருக்கக் கூடாது.

அதே மண்ணில் 4 சதவீதம் சுண்ணாம்பு கலந்து ஈரத்தோடு மூன்று நாள் மூடிவைத்து, காயவைத்துப் பொடித்து மறுபடி போட்டேன். தண்ணீரில் 13.

இப்போது இந்தச் சோதனையில் கஷ்டமே மண்ணெண்ணெய்தான். போன தடவை ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய் 100 மில்லி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

3 மே 2023

சுண்ணாம்புக் கணக்கு. 300 மி.மீ. ஆழம், காய்ந்த அடர்த்தி கனமீட்டருக்கு 1.5 டன், 4 சதவீதம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 18 கிலோ. உங்கள் 1.8 கி.மீ., 7 மீட்டர் அகலத்துக்கு 226.8 டன். 25 கிலோ மூட்டையில் 9,072 மூட்டை. மயக்கம் வந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இன்னும் வரப்போகிறது. 7 மீட்டர் போதாது, இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கூட எடுங்கள். 9 மீட்டருக்கு 11,664 மூட்டை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், மின்சாரம் போகப்போகிறது.

4 மே 2023

மூட்டைக் கணக்கில் ஒருவர் பிழை பிடித்திருக்கிறார், சரிதான். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் வரும் சுத்தமான சுண்ணாம்பை வைத்து 4 என்று எடுத்துவிட்டு, சைட்டில் காளவாசல் சுண்ணாம்பு இறக்கினால் 4 போதாது. இறங்கப்போகும் சுண்ணாம்பையே ஆய்வுக்கூடத்துக்கும் கொடுங்கள். நம் விவரக்குறிப்பு 70 சதவீதத் தூய்மைக்குக் குறையக் கூடாது என்கிறது. சுட்ட சுண்ணாம்பாகவே (தண்ணீர் விட்டு நீற்றாதது) வாங்கினால் அளவு குறையும், 3 சதவீதம் சுட்டது 4 சதவீதம் நீற்றியதற்குச் சமம். மண் சொதசொதவென்று இருந்தால் அதுதான் நல்லது. நீறும்போது தண்ணீரைக் குடிக்கும், சூட்டில் மேலும் கொஞ்சம் காயும். ஆனால் ஆள் பாடு திண்டாட்டம். வேர்த்த முதுகில் சுட்ட சுண்ணாம்பு பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் எழுதவே பயமாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் இறக்காதீர்கள்.

மூட்டையைத் திறந்து போட்டால் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும். பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். எங்களிடம் ஒரு தடவை 200 மூட்டை ஆவணி முழுக்கத் தார்ப்பாய் இல்லாமல் கிடந்தது. அதைப் போட்ட இடத்தில் 50 மீட்டர் மண் கடைசி வரை பொலபொலக்கவே இல்லை.

21 மே 2023

முதல் தடவை நான் கெடுத்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷம் ஆகிறது. லாரி நிறுத்தும் இடத்துக்கு 400 மீட்டர் ரோடு. படத்தில் 300 மி.மீ. ஆழம் சுண்ணாம்புக் கலவை, 5 சதவீதம். ரீசைக்ளர் மாதிரிப் பெரிய மெஷின் எல்லாம் இல்லை. டிராக்டரும் ரோட்டவேட்டரும். நான் தரக்கட்டுப்பாடு. மேலே பார்த்தால் சாம்பல் நிறத்தில் அழகாகக் கலந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி மழை முடிந்ததும் சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் பள்ளம். தோண்டினோம். மேலே 13 செ.மீ. வரை சாம்பல், அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று கரிசல், விரல் அப்படியே இறங்குகிறது. ரோட்டவேட்டர் கத்தி அதற்கு மேல் இறங்காது என்பது விவசாயி மகனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து சதவீதச் சுண்ணாம்பும் மேல் பாதியிலேயே நின்றுவிட்டது. அதுவும் ஒழுங்காகக் கலந்ததா என்றால், மேல் பாதியில் இருந்த ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. எள்ளுப் பூரணம் வைத்த கொழுக்கட்டை.

அதற்குப் பிறகு 300ஐ ஒரே மூச்சில் செய்ய விட்டதில்லை. மேல் 150ஐ வழித்து ஓரத்தில் குவி, கீழ் 150ஐ அங்கேயே உழுது சுண்ணாம்பு போட்டுக் கலக்கி உருட்டு, குவித்ததைத் திரும்பக் கொண்டுவந்து அதற்கும் செய். அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 9 கிலோ. ஐந்தரை அடிக்கு ஐந்தரை அடி கட்டம் கிழித்து, கட்டத்துக்கு ஒரு மூட்டை வைத்துவிட்டால் ஆள் யாரையும் எண்ணச் சொல்ல வேண்டியதில்லை. நின்று பார்த்தாலே காலிக் கட்டம் தெரியும். கட்டி உடைவதற்கும் அளவு இருக்கிறது: 26.5 மி.மீ. சல்லடையில் எல்லாமே இறங்க வேண்டும், 5.6ல் நூற்றுக்கு 80. சல்லடையை சைட்டுக்குக் கொண்டுபோங்கள், ஆபீசில் வைக்காதீர்கள்.

அப்புறம், முதலில் பாதிச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கி, லேசாக உருட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஊறும். மறுபடி ரோட்டவேட்டர் விட்டால் அதே கட்டி அவலாக உதிரும். அப்போது மீதியைப் போடுங்கள். அவசரக்காரர்கள் இந்த ஒரு நாளைத்தான் வெட்டுவார்கள்.

11 ஜூன் 2023

ஆழம் வரை கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு: குழி தோண்டி, பக்கச் சுவரில் பினாப்தலீன் தெளித்தால் சுண்ணாம்பு போன இடம் வரை ரோஸ் நிறம் வரும். கிடைக்கவில்லையா, மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். ஆலத்தி கரைக்கும்போது சிவக்கிறதே, அதே சங்கதிதான். எங்கள் சைட்டில் சமையல் செய்யும் அக்காதான் இதைச் சொன்னார். குழிக்குள் எட்டிப் பார்த்து, "கல்யாண வீட்டு ஆலத்தித் தட்டு மாதிரி இருக்கு சார்" என்றார்.

12 ஜூன் 2023

மஞ்சள்தூள் சோதனையை நேற்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். நம் கரிசலே கொஞ்சம் காரமான மண். அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) வேறு கிடக்கும். பி.எச். எட்டு, எட்டரை இருந்தால் சுண்ணாம்பே போடாத மண்ணும் லேசாக நிறம் மாறிக் காட்டும். பக்கத்தில் ஒரு பச்சைக் கரிசல் கட்டியை வைத்து அதிலும் தெளித்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, மஞ்சளோ பினாப்தலீனோ சுண்ணாம்பு இருக்கிறது என்று சொல்லும், போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு 12.4தான்.

2 ஜூலை 2023

அடர்த்தி ஃபெயில் ஆகிறது என்று ஏப்ரலில் கேள்வி கேட்ட தம்பி போன் பண்ணினார். எதிர்பார்த்ததுதான். சுண்ணாம்பு போட்டதும் மண் புசுபுசுவென்று ஆகிறது. அதனால் உச்ச அடர்த்தி இறங்கும், அதற்கு வேண்டிய தண்ணீர் ஏறும். சோதனைக்கு வந்தவர் பச்சைக் கரிசலின் ப்ராக்டர் எண்ணை (ஆய்வுக்கூடத்தில் இடித்துப் பார்க்கும் உச்ச அடர்த்தி) வைத்து வகுத்தால் நல்ல வேலையும் 94 சதவீதம்தான் காட்டும். இன்னும் உருட்டு என்பார், உருட்ட உருட்ட மேல் தோல் உரியும். கலந்த மண்ணில், ஊறிய பிறகு, புதிதாக ப்ராக்டர் எடுங்கள். ஒரு வேலையில் நானும் சோதனைக்கு வந்தவரும் இதற்காக மூன்று நாள் சண்டை போட்டோம். அவர் படித்தவர், நான் கத்தினேன். கடைசியில் அவரே கூட இருந்து ஒரு ப்ராக்டர் எடுத்தார், பேச்சு முடிந்தது.

23 ஜூலை 2023

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சுண்ணாம்பு பறக்காதா. தம்பி அனுப்பிய போட்டோவில் ரோட்டுக்கு மேற்கே சுத்தமாக இருக்கிறது, கிழக்கே ஒரு ஏக்கர் பாசிப்பயறு பனி பெய்த மாதிரி வெளுத்திருக்கிறது. காட்டுக்காரர் வந்து ஜேசிபி சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாராம். அவர் பக்கம்தான் நியாயம். பயறுக்குப் பணத்தைக் கொடுங்கள். இனிமேல் விடியற்காலையில் காற்று எழும்புமுன் கொட்டி உடனே கலக்குங்கள், இல்லை தண்ணீரில் கரைத்துப் பால் பதத்தில் தண்ணி லாரியில் ஊற்றுங்கள். பாலாக ஊற்றினால் கட்டிக்குள்ளும் நன்றாக இறங்கும். தொட்டியை அன்றன்றே கழுவாவிட்டால் அடியில் இறுகும், பிறகு சுத்தியல்தான்.

காற்று அடிக்கிறது என்றுதானே இங்கே காற்றாலை நட்டார்கள். சுண்ணாம்பு வேலைக்கு இந்த ஊரில் தோதான மாசம் மாசியும் பங்குனியும்தான், ஆனால் பில் பாஸ் ஆவது எப்போதும் ஆடியில்.

30 ஆகஸ்ட் 2023

இன்று நாலு பேருக்குச் சேர்த்து.

மணல் மெத்தை போட்டால் என்ன என்று கேட்டவர்: ஆற்று மணலுக்கு வழி இருந்தால் வீடு கட்டியிருப்பேன். விலையை விடுங்கள், கரிசலைத் தோண்டி அதற்குள் மணலோ ஜல்லியோ கொட்டினால் அது குளியல் தொட்டி. சுற்றிலும் தண்ணீர் விடாத களி, நடுவில் தண்ணீர் தேங்கும் மணல். மழைத் தண்ணீர் அங்கே உட்கார்ந்துகொண்டு மாசக்கணக்கில் கரிசலை ஊறவைக்கும். மாற்று மண் போடுவதானால் களித்தன்மை இருந்து வீங்காத செவல் (செம்மண்) போட வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாயில் இருந்த பேராசிரியர் காட்டி அதை விடாமல் சொன்னவர். கர்நாடகத்தில் மலப்பிரபா வாய்க்கால் கரிசலை வெட்டிப் போகும் இடத்தில் அப்படிச் செய்தார்கள். தோராயமாக ஒரு மீட்டர் வேண்டும். 1.8 கி.மீ.க்கு ஒரு மீட்டர் செவல் எந்தக் குளத்திலிருந்து எடுப்பது, யார் அனுமதி தருவது?

சாம்பல் பற்றிக் கேட்டவர்: தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் பக்கத்தில் கிடைக்கிறது, சரி. தனியாகப் போட்டால் கரிசலுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சுண்ணாம்போடு சேர்த்தால் உதவும்.

உப்பளம் பக்கம் வேலை பார்ப்பவர்: நல்ல வேளை கேட்டீர்கள். அந்தப் பக்கம் மண்ணில் ஜிப்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் சுண்ணாம்பு மூட்டையைத் தொடாதீர்கள். சல்பேட்டும் சுண்ணாம்பும் களிமண் அலுமினாவும் தண்ணீரும் சேர்ந்தால் எட்ரின்கைட் என்று ஊசி ஊசியாக ஒரு படிகம் வளரும், பச்சைக் கரிசலைவிட மோசமாக வீங்கும். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற ரோடு அப்படித்தான் வீங்கி மேலே கிளம்பியது. 1988ல் ஹன்ட்டர் என்பவர் அதை எழுதிய பிறகுதான் ஊர் உலகம் கவனித்தது. கரையக்கூடிய சல்பேட் 10 லட்சத்தில் 3,000 பங்குக்குக் கீழே இருந்தால் பயமில்லை. கலக்க ஊற்றும் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்துவிடுங்கள்.

ஐந்து லிட்டர் கேனில் வரும் என்சைம் திரவம் ஒரு கிலோமீட்டருக்குப் போதும் என்று விற்க வந்தவரைப் பற்றி எழுதியவர்: அவர் கண் முன்னாலேயே அந்த அளவுக் குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், ஒரு நாள் உட்கார வேண்டுமே.

9 செப்டம்பர் 2023

ஏப்ரலில் "சிமென்ட் வேண்டவே வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். முதல் சுற்றில் 2, 3 சதவீதம் சுண்ணாம்பு போட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கிவிட்டு, அதன் பிறகு 3, 4 சதவீதம் சிமென்ட் கலந்தால் அது நன்றாகவே பிடிக்கிறது. மழைக்கு முன்னால் சீக்கிரம் பலம் வேண்டும் என்கிற இடத்தில் அதுதான் வழி, சுண்ணாம்பு ஆற அமரத்தான் இறுகும். ஒரு வேலையில் நானே செய்தேன், அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் அந்தக் கான்ட்ராக்டர் மேல் இருந்த எரிச்சல். அவர் சொன்ன மாதிரி நேராகச் சிமென்ட் என்பது இப்போதும் தப்புதான். சிமென்ட்டைக் கூட்டிப் போட்டால் வேறு தொந்தரவு, சுருங்கி வெடித்து அந்த வெடிப்பு அப்படியே தார் வரைக்கும் மேலே வரும்.

27 அக்டோபர் 2023

மே மாதம் கரெண்ட் போனதால் விட்ட விஷயம். இரண்டு பக்கமும் கூட எடுக்கச் சொன்ன அந்த ஒரு மீட்டர்.

ரோடு ஒரு குடை மாதிரி. அதன் நடுவில் கீழே இருக்கும் கரிசலில் ஈரம் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், தார் மூடியிருக்கிறதே. ஓரம் அப்படி இல்லை. கார்த்திகையில் ஊறி வீங்கும், சித்திரையில் காய்ந்து சுருங்கும். நடு அசையாது, ஓரம் ஏறி இறங்கும், இரண்டுக்கும் நடுவில் ரோட்டு நீளத்துக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடுத்த மழை நேராக உள்ளே இறங்கும். கரிசலில் ஆழமான இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் மூன்றரை மீட்டர் வரை போகும் என்று வைத்துத்தான் வீட்டுக்குக் குமிழ் வைத்த பைல் (ஆழமான கான்கிரீட் தூண்) போடுகிறார்கள். நாம் 30 செ.மீ. சுண்ணாம்பு போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

அதனால் வெடிப்பு எங்கே என்று முதலில் பாருங்கள். சக்கரத் தடத்தில் பள்ளமும் முதலைத்தோல் வெடிப்பும் வந்தால் பளு தாங்கவில்லை, கனமோ கலவையோ குறைவு. தார் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு அடி உள்ளே நீளவாக்கில் ஒற்றை வெடிப்பு என்றால் லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லாரியே ஓடாத ரோட்டிலும் வரும். இதற்கு மேலே இன்னொரு அடுக்கு தார் போடுவது காசுக்குப் பிடித்த கேடு, தூக்கும் மண்ணை ஓரிரு அடுக்கின் எடை அமுக்காது.

ஓரத்துக்குச் செய்ய வேண்டியது: ஷோல்டருக்கு (தாருக்கு வெளியே இருக்கும் ரோட்டு ஓரம்) அடியிலும் சுண்ணாம்பு மண், அதற்கு மேல் தண்ணீர் இறங்காத செவல். ஓடை ரோட்டை ஒட்டி இல்லாமல் தள்ளி, சப்கிரேடுக்குக் கீழே அடிமட்டம். ஓரத்திலேயே பள்ளம் தோண்டி மண் எடுத்துக் கரை போட்டீர்கள் என்றால் நீங்களே ஊருணி வெட்டிக்கொண்டீர்கள். சீமைக்கருவேலத்தை ஓரத்தில் விடாதீர்கள், கோடையில் அது அடியிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும்.

சதவீதம் 4ஆ 5ஆ என்று இங்கே ஆறு மாதமாக அடித்துக்கொண்டோம், நானும்தான். நான் பார்த்த கரிசல் ரோடுகளில் அரை சதவீதத்தால் கெட்டது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கலக்காமல் கெட்டது இரண்டு, ஓரத்தில் தண்ணீர் நின்று கெட்டது எண்ணிக்கை இல்லை.

20 டிசம்பர் 2023

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் பக்கத்தில் அவ்வளவு இல்லை, ஆனால் கண்மாய் எல்லாம் மறுகால். தம்பி, ரோட்டை விடுங்கள், வீட்டில் எல்லோரும் நலமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

22 டிசம்பர் 2023

நலம் என்று செய்தி வந்தது. நிவாரண லாரிகள் அந்த ரோட்டில்தான் கிட்டங்கிக்குப் போனதாம். ஒரு இடத்தில் ஷோல்டர் அரித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்கிறார். வேறொன்றும் இல்லை என்று இப்போதே சொல்லக் கூடாது. ஊறிய கரிசல் கெட்ட பேர் வாங்குவது காயும்போது. சித்திரையில் பார்ப்போம்.

21 ஏப்ரல் 2024

நேற்று கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது காரை அந்தப் பக்கம் விட்டேன். வெள்ளை வேட்டியோடு கரிசலில் இறங்கியதற்கு வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சக்கரத் தடம் சுத்தம். இரண்டு இடத்தில் நேர்கோல் வைத்துப் பார்த்தேன், பள்ளம் இல்லை. இத்தனை டிரெய்லர் ஓடி அப்படி இருப்பது பெரிய காரியம். கிட்டங்கிக்கு 300 மீட்டர் முன்னால் இடது பக்கம், தார் ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே ஒரே வெடிப்பு. நடந்து அளந்தேன், 35 மீட்டர். சைக்கிள் போக்குக் கம்பி ஒன்று காரில் கிடந்தது, விட்டுப் பார்த்தேன், முழுதாக உள்ளே போய்விட்டது. பக்கத்தில் ஓடைக்கு அந்தப்புறம் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம்.

ஷோல்டரில் ஒரு குத்துத் தோண்டினேன். கறுப்பு. தண்ணீர் பாட்டிலில் மஞ்சள் கரைத்து ஊற்றினேன் (கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் இருந்த மஞ்சளைக் கல்லில் உரசியது, சிரிக்காதீர்கள்). மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. பத்தடி தள்ளி, வெடிப்பு இல்லாத இடத்தில் தோண்டி ஊற்றினேன், ஆலத்தி.

தம்பியைக் கேட்டேன். அந்த இடத்துக்கு வரும்போது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதாம், 50 மூட்டை குறைந்திருக்கிறது. அடுத்த லோடு வர நாலு நாள் ஆகும், காட்டுக்காரர் சண்டை வேறு. அதனால் அந்த 35 மீட்டருக்கு மட்டும் ஷோல்டரை விட்டுவிட்டு 7 மீட்டரோடு முடித்திருக்கிறார். 35 மீட்டருக்கு ஒரு மீட்டர் அகலம் என்றால் 25 மூட்டைதான் ஆகும் தம்பி, மீதி 25 எங்கே என்று கேட்டேன். கட்டம் கிழித்துத்தான் வைத்தோம், கடைசி நாள் மட்டும் கிழிக்கவில்லை என்றார்.

வெடிப்பை இப்போதைக்குத் தார் ஊற்றி அடையுங்கள். மரத்தை வேரோடு எடுங்கள். ஆடிக்கு முன்னால் அந்த 35 மீட்டர் ஷோல்டரைத் தோண்டி, இரண்டு அடுக்காகச் சுண்ணாம்பு போட்டு, மேலே செவல். மூட்டை 25, கூட ஐந்து வையுங்கள். கட்டம் கிழித்த போட்டோவை இங்கேயே போடுங்கள்.